மொபைலுக்கு வராத 145 பிரீசெட்டுகள், உங்கள் ஊழியர் பேச்சைக் கேட்டு நான் இழந்த 58 படங்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்

பொருள்: கணினியில் உள்ள பிரீசெட்டுகள் மொபைலிலும் டேப்லெட்டிலும் சிங்க் ஆகாதது (ஒன்றுபோல் வந்து சேராதது) குறித்து

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆறு ஆண்டுகளாக உங்கள் போட்டோ எடிட்டிங் மென்பொருளுக்குச் சந்தா கட்டிவரும் புகைப்படக்காரர் நான். இந்தப் பிரச்சினைக்கு முன் ஒருமுறைகூட உங்களுக்குப் புகார் எழுதியதில்லை. ஏழு வாரம், நான்கு புகார் டிக்கெட் எண்கள், ஐந்து ஊழியர்கள் என்று அலைந்து ஓய்ந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பிரச்சினையை நான் விளக்கித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. கணினியில் நானே உருவாக்கிய பிரீசெட்டுகள், அதாவது படங்களைத் திருத்தச் சேமித்துவைத்த அமைப்புகள், 186. அதே கணக்கில் நுழைந்தால் மொபைலில் 41, டேப்லெட்டிலும் அதே 41. மீதி 145 எங்கே? இந்த ஒரு கேள்விக்குத்தான் ஏழு வாரமாகப் பதில் இல்லை.

வரவில்லை என்றால் வரவில்லை என்றாவது உங்கள் மென்பொருள் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் மேகக் குறிக்குப் பக்கத்தில் டிக் போட்டு, 'சிங்க் முடிந்தது' என்று காட்டியது. அதை நம்பி லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு டேப்லெட்டோடு ஒரு திருமணத்துக்குப் படமெடுக்கப் போனேன். அன்று மாலையே 30 படங்களைத் திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். செயலியைத் திறந்தால், மஞ்சள் விளக்கு வெளிச்சத்துக்கென்றே நான் வைத்திருந்த தொகுப்பு மொத்தமும் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஸ்லைடரைக் கையால் நகர்த்தி, இரவு பதினொன்றரைக்கு வெறும் 12 படங்கள் கொடுத்தேன். ஒரே பெண்ணின் முகம் ஒரு படத்தில் ஒரு நிறம், அடுத்த படத்தில் வேறு நிறம். அந்தக் குடும்பத்தின் அடுத்த நிகழ்ச்சிக்கு என்னைக் கூப்பிடவில்லை. ஆறு ஆண்டுகள் கட்டிய பெயர் ஒரே மாலையில் போனது.

மறுநாள் உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதினேன். வெளியேறி மறுபடி உள்ளே வரச் சொன்னார்கள். வந்தேன். லேப்டாப்பை இரவு முழுக்க அணைக்காமல் வைக்கச் சொன்னார்கள். மூன்று இரவு வைத்தேன். காலையில் பார்த்தால் அதே 41.

அப்புறம் சாட்டில் வந்தார் உங்கள் நான்காவது ஊழியர். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன், ஸ்க்ரீன்ஷாட்டும் இணைத்திருக்கிறேன்: "பிரீசெட் ஒரு ஃபில்டர்தானே மேடம், மொபைலில் திரும்பச் செய்துகொள்ள எவ்வளவு நேரமாகும்?" நான் பதில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே சாட்டை மூடிவிட்டார். ஐந்து நிமிடத்தில் 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது' என்று மின்னஞ்சல் வந்தது.

பிரீசெட் என்றால் என்ன என்று அந்த ஊழியருக்கு யாராவது சொல்லிக்கொடுங்கள். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), டோன் கர்வ் (இருட்டையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் வளைகோடு), ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக வைத்த சாயல், செறிவு, ஒளிர்வு எல்லாம் சேர்ந்ததுதான் அது. கறுத்த தோல் சாம்பல் பூத்தமாதிரி தெரியாமல் இருக்க, ஆரஞ்சு ஸ்லைடரில் எந்த எண் சரியாக வரும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. பல நூறு முகங்களில் போட்டுப் பார்த்த எண் அது. அதை ஃபில்டர் என்று சொல்வதைக் கேட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றுவரை அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை.

சொல்ல விட்டது ஒன்று இருக்கிறது. உண்மையில் இதுதான் பெரிய இழப்பு. சாட்டை மூடியவருக்கு முன்னால் பேசிய மூன்றாவது ஊழியர், மொபைலில் செயலியை நீக்கிவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். செயலியின் கேமராவில் எடுத்த படங்கள் இன்னும் உங்கள் சர்வருக்கு ஏறாமல் மொபைலிலேயே இருந்தால், நீக்கும்போது அவையும் சேர்ந்து அழிந்துவிடும். இது உங்களுக்குத் தெரியும், உங்கள் தயாரிப்பு. நீக்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 58 படங்கள் போய்விட்டன. என் பாட்டியை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த அன்று எடுத்தவையும் அவற்றில் இருந்தன. அவற்றை எந்த நஷ்டஈடும் திருப்பித் தராது.

ஐந்தாவதாகப் பேசிய அம்மையார் மரியாதையாகப் பேசினார், அவருக்கு நன்றி. கேமரா ப்ரொஃபைல் (கேமராவின் நிறங்களை எப்படிக் காட்டுவது என்ற குறிப்பு) சார்ந்த பிரீசெட்டுகள், அந்த ப்ரொஃபைல் மொபைலில் இல்லாவிட்டால் மறைக்கப்படும் என்றார். சரி, காரணம் என்று ஒன்றாவது கிடைத்ததே என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பிரீசெட்டுகள் சேமிக்கப்பட்டிருக்கும் 145 எக்ஸ்எம்பி கோப்புகளையும் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அப்படி ப்ரொஃபைல் சார்ந்தவை 32தான். மீதி 113இல் இருப்பவை வெறும் ஸ்லைடர் எண்களும் கர்வ் புள்ளிகளும்தான்.

ஒரு படத்தில் பிரீசெட்டைப் போட்டு, அதை டிஎன்ஜி என்ற வகைப் படக் கோப்பாக ஏற்றுமதி செய்து, மொபைலில் திறந்து, அங்கிருந்து புது பிரீசெட்டாகச் சேமிக்கும் வழியையும் அவர்தான் சொன்னார். அந்த 113இல் 20ஐ அப்படிச் செய்தேன். இருபதும் மொபைலில் ஒழுங்காக வேலை செய்கின்றன. அப்படியானால் உங்கள் மொபைல் செயலிக்கு இந்தப் பிரீசெட்டுகள் புரிகின்றன, உங்கள் சிங்க்தான் அவற்றைக் கொண்டுபோகவில்லை. ஒரு பிரீசெட் சில கிலோபைட் எடை உள்ள எழுத்துக் கோப்பு. 30, 40 எம்பி இருக்கும் என் ரா படங்களை (கேமரா சுருக்காமல் தரும் மூலப் படங்கள்) ஏற்றி இறக்கத் தெரிந்த உங்கள் சர்வருக்கு இது முடியவில்லையா?

எண்களைப் பார்த்து மொபைலில் கையால் தட்டிக்கொள்ளுங்கள் என்றும் யாரும் இனிச் சொல்ல வேண்டாம். ரா படத்தில் ஒயிட் பேலன்ஸ் 5200 கெல்வின் என்று இருக்கும், ஜேபெக்கில் அந்த அளவே கிடையாது, கூட்டல் கழித்தல் எண்தான். டோன் கர்வின் புள்ளிகளை விரலால் அச்சு அசலாக வைக்கவும் முடியாது.

தயவுசெய்து இவற்றைச் செய்துகொடுங்கள். விடுபட்ட பிரீசெட்டுகளை மொத்தமாக ஏற்ற உங்கள் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒருவர் என்னோடு உட்கார்ந்து முடித்துத்தர வேண்டும். எந்தப் பிரீசெட் சிங்க் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று திரையில் காட்டாமல் அந்த டிக்கைப் போடாதீர்கள். அழிந்த 58 படங்கள் சர்வரில் எங்காவது பாதியாவது ஏறியிருக்கின்றனவா என்று தேடிச் சொல்லுங்கள். இந்த இரண்டு மாதச் சந்தாவைத் திருப்பித் தாருங்கள். சாட்டை மூடிய அந்த ஊழியரிடமிருந்து எழுத்தில் ஒரு மன்னிப்பு வேண்டும். யாருடைய வேலையையும் பறிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், சாட் பதிவுகள், ஸ்க்ரீன்ஷாட்டுகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். என்னைப் போல உங்கள் மென்பொருளை நம்பித் தொழில் செய்யும் நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடமும் சொல்வேன். அந்த நிலை வர வேண்டாம் என்றுதான் விரும்புகிறேன். இந்த மென்பொருளில்தான் நான் தொழிலே கற்றேன், இதை விட்டுப் போக எனக்கு மனமில்லை.

186 பிரீசெட்டுகளின் பெயர்ப் பட்டியல் இணைப்பில் உள்ளது. மொபைலில் வராதவற்றைச் சிவப்பில் குறித்திருக்கிறேன். தானாகப் போகும் பதிலை மறுபடி அனுப்பாமல், படித்துப் பார்த்த ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் ஆறு ஆண்டுச் சந்தாதாரர்