மாதுளையை மென்று சாப்பிடுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாதுளை உடல் பருமனைத் தடுக்கும் என்ற செய்தி புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றி வருகிறது. அதை நம்பி என் அக்கா தினமும் வேலை முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் பெரிய கோப்பை மாதுளைச் சாறு குடிக்கத் தொடங்கினார். ஒருநாள் நானும் கூடப் போனேன். கடைக்காரர் அதில் இரண்டு கரண்டி சீனிப்பாகு ஊற்றியதும் மனம் பதறிவிட்டது. அக்காவுக்கு ஏற்கெனவே இனிப்பு நீர் (நீரிழிவு) நோய்!

மாதுளை நல்ல பழம்தான், சந்தேகமே இல்லை. 100 கிராம் முத்துகளில் சுமார் 4 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. மென்று சாப்பிட்டால் பசி அடங்கும். ஆனால், அதே 100 கிராமில் ஏறக்குறைய 14 கிராம் சர்க்கரையும் உண்டு. சாறு பிழிந்து வடிகட்டினால் நார் சக்கையோடு போய்விடும், சர்க்கரை கோப்பையில் தங்கிவிடும். அப்புறம் சீனிப்பாகு வேறு எதற்கு?

மாதுளையில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற இயற்கைத் தாவரச் சேர்மங்கள் கொழுப்பு சேர்வதைக் குறைக்கலாம் எனக் காட்டியவை பெரும்பாலும் எலிகளிடம் நடந்த ஆய்வுகள். மனிதர்களிடம் எடை குறையும் என்று உறுதியாகச் சொல்ல அவை போதாது.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது பருமனானவர்கள். பழம் வேறு, சாறு வேறு என்பதை உங்கள் நாளிதழ் விளக்கி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகி, கோலாலம்பூர்