கட்டிப் பார்த்துக் கற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாற்றுக் கட்டடக்கலை என்றதும் மண் சுவரும் ஓட்டுக் கூரையுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. வரைகிறவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர் என்ற நிலை அப்படியே இருக்க, பொருளை மட்டும் மாற்றி என்ன பயன்? கட்டடக்கலைப் பட்டப்படிப்பு 5 ஆண்டு. அதில் வரும் செய்முறைப் பயிற்சிப் பருவம்கூடப் பெரும்பாலும் அலுவலகக் கணினி முன்னாலேயே கழிகிறது.

சேலத்தில் படிக்கும் மாணவர்கள் முதலாண்டிலேயே, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய, ‘எலிப்பொறிக் கட்டு’ என்னும் செங்கல் அடுக்கு முறையில் 6 அடி நீளம், 4 அடி உயரத்துக்கு ஒரு சுவரைக் கொத்தனாரோடு நின்று கட்டட்டும். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைப்பதால் 9 அங்குலச் சுவருக்குள் ஏறக்குறைய 3 அங்குல வெற்றிடம் கிடைக்கும். செங்கல்லில் சுமார் கால் பங்கு மிச்சம். சித்திரை வெயிலும் உள்ளே அவ்வளவாக இறங்காது.

கலவையைத் தாராளமாக அள்ளிப் போட்டால் அது வெற்றிடத்துக்குள் விழுந்து இரு பக்கத்தையும் ஒட்டிவிடும். மழை ஈரம் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். 3 அங்குலப் பலகைத் துண்டால் வெற்றிடத்தை மூடிக்கொண்டுதான் கலவை பரப்ப வேண்டும். நாட்டுச் செங்கல் அளவில் கூடக்குறைய இருந்தால் ஒரு முகம் மட்டமாக வரும், மறுமுகம் பல்லிளிக்கும். அடி வரிசை, ஜன்னல் அடி, லிண்டல் (கதவு, ஜன்னல் மேல்விட்டம்) மட்டம், கடைசி வரிசை ஆகியவற்றை வெற்றிடமில்லாமல் கட்ட வேண்டும். மின்குழாய் போகும் வழியை முன்பே முடிவு செய்யாவிட்டால், பிறகு காடி வெட்டும்போது நிறுத்திய கல் உடையும். இவை வரைபடத்தில் தெரியாது.

இதையே ஏற்காட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது. 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி லாரியில் செங்கல் ஏற்றுவதற்கு முன், அங்கேயே மண்கல் செய்ய முடியுமா என்று மனையின் மண்ணைச் சோதிக்கலாம். வேரும் சருகும் கலந்த மேல்மண்ணை நீக்கி, அடிமண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, நீரும் சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்தில் படியும், வண்டல் அரைமணியில், களிமண் படிந்து நீர் தெளிய மறுநாளாகும். களி மிகுந்தால் காயும்போது கல் வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திய மண்கல்லை 28 நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு வாரத்தில் நனைப்பதை விட்டுவிட்டால் விளிம்பு உதிரும். மலை மழைக்குக் கருங்கல் அடித்தளமும் அகன்ற கூரை இறக்கமும் இல்லாமல் மண்சுவர் எழுப்பவே கூடாது.

இந்தப் பாடத்தைக் கற்பிக்கும் கொத்தனாருக்குப் பயிற்றுநர் என்ற பெயரும் அதற்குரிய ஊதியமும் கல்லூரிகள் தர வேண்டும். சுவருக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து மதிப்பெண் இடும் உரிமையும் அவருக்கு வேண்டும்.

இப்படிக்கு,
கட்டடத் துறை வாசகர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்