பழைய இழைப்புளிகளை எடைக்குப் போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கங்களில் பழைய வீடுகள் இடிக்கப்படும்போது தேக்கு நிலைகளுக்கும் கதவுகளுக்கும் நல்ல விலை பேசுகிறோம். ஆனால் அவற்றை இழைத்த கருவிகளை, தச்சுப் பட்டறைகள் காலியாகும்போது, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறோம். அப்படிப் போகும் இழைப்புளிகளில் நான் பார்த்தவரை உடைந்தவை குறைவு. துருவேறி, தீட்டப்படாமல் கிடப்பவையே மிகுதி. அவற்றை மீட்கும் முறையை இளைய தச்சர்களும் மரவேலையில் ஆர்வமுள்ள வாசகர்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை, மேலே எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், லெனார்டு பெய்லி என்ற அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய அமைப்பைத் தழுவியவை. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் அமர்ந்து மரத்தைச் சீவும் தகடு, அதன்மேல் சீவலை மடக்கும் மேல்தகடு, ஆழத்தைக் கூட்டிக் குறைக்கப் பின்புறம் ஒரு திருகுசக்கரம் என்ற அந்த அமைப்பு இன்றும் மாறவில்லை. ஆகவே பழையது என்பதால் பயன்படாது என்று சொல்ல இடமில்லை.

துருவை நீக்க அரைக்கும் இயந்திரத்தை எடுப்பதுதான் பரவலாக நடக்கும் கெடுதல். தகடு சூடேறி முனை நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் எஃகின் கடினம் போய்விடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து, பாகங்களைக் கழற்றி ஓர் இரவு ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உடனே எண்ணெய் பூசினால் போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இருப்பதால் இந்த எண்ணெய்ப் பூச்சைத் தள்ளிப்போடவே கூடாது.

அடிப்பாகம் கண்ணாடிபோல் மின்ன வேண்டியதில்லை. ஆங்காங்கே துருக்குழிகள் இருப்பதாலும் வேலை கெடாது. முன்முனை, வாய்க்கு (தகட்டின் முனை வெளியே நீளும் இடைவெளிக்கு) முன்னுள்ள விளிம்பு, பின்முனை ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். தடித்த கண்ணாடியின்மேல் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்து மட்டம் செய்யும்போது, தகட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, வேலை செய்யும்போது இருக்கும் அதே இறுக்கத்தில் பூட்டியிருக்க வேண்டும். பூட்டின் அழுத்தத்தில் இரும்பு உடலும் சற்றே வளைவதால், கழற்றி வைத்துச் செய்த மட்டம் பூட்டியபின் நிலைக்காது.

கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. சரிவுப் பக்கத்தை 25 முதல் 30 டிகிரியில் மணிக்கணக்கில் தீட்டிவிட்டு, தட்டையான பக்கத்தைத் துருக்குழியோடு விட்டுவிட்டால் கூர் பல்லுப்பல்லாகவே வரும். முனையை ஒட்டிய ஓர் அங்குலமாவது எண்ணெய்க்கல்லில் தட்டையாகி மினுங்க வேண்டும். அதன்பின் மேல்தகட்டைப் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிந்தால் சீவல் அங்கே புகுந்து அடைத்துக்கொள்ளும். மேல்தகட்டின் விளிம்பை அரத்தாலும் கல்லாலும் சரிசெய்து, நுண்வேலைக்குக் கூரிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக அமைத்தால், சீவல் எழும்பிய உடனேயே மடிந்துவிடும். மரம் பிய்வதற்கு முன்பே வெட்டு முடிந்துவிடும். தஞ்சாவூர் வீணைக்குப் பயன்படும் பலாவைப் போல நார் மாறிமாறி ஓடும் மரங்களில் இதன் அருமை தெரியும். மேல்தகட்டைப் பெயருக்குப் பொருத்தி வைத்திருக்கும் பட்டறைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கட்டை இழைப்புளிக்கு வேறு கவனம் தேவை. வாய் உள்நோக்கிச் சரிந்து விரிவதால், தேய்ந்த அடிப்பாகத்தை இழைத்து மட்டமாக்க ஆக்க வாய் அகலும். அகன்றுவிட்டால் வாய்க்கு முன்னால் கடின மரத்துண்டு ஒன்றைப் பதித்து அடைக்கலாம். தகட்டை இறுக்கும் ஆப்பு இரு பக்கமும் ஒரே சீராக அழுந்தாவிட்டால் தகடு அதிரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கட்டை ஊதிக்கொள்ளும் என்பதால், மழைக்காலம் கழிந்து காய்ந்த பிறகு அடிமட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

டெல்டா மாவட்டங்களில் தச்சர் பிரிவு நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்கள், மூத்த தச்சர்களை மதிப்பூதியத்துடன் அழைத்து, பொதுமக்கள் கொண்டுவரும் பழைய இழைப்புளிகளை மாணவர்களே பிரித்துச் சீராக்கும் வகுப்பை ஆண்டுதோறும் நடத்த வேண்டும். சீரானவற்றை அந்த மாணவர்களுக்கே கொடுத்துவிடவும் உரியவர்கள் சம்மதிக்கலாம். மாவட்ட நிர்வாகங்கள் இதைப் பரிசீலிக்கத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரவேலைத் தொழிலாளி ஒருவர்,
கும்பகோணம்.