சந்தேகம் உங்களுடையது, காரணத்தையும் நீங்களே எழுதுங்கள்

பாங்காக்கில் உள்ள ஷெங்கன் நாட்டுத் தூதரகங்களின் விசா பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

உங்களில் எந்தத் தூதரகத்தின் முடிவு என்னை இந்த மடலை எழுத வைத்தது என்று குறிப்பிடப் போவதில்லை. ஒரே பொது விசாவை வழங்கும் உங்கள் 29 ஐரோப்பிய நாடுகளுக்கும் சட்டம் ஒன்றுதான், மறுப்புப் படிவமும் ஒன்றுதான். எனவே இதை உங்கள் அனைவருக்குமே எழுதுகிறேன்.

நான் பாங்காக்கின் சீலோம் பகுதி மாரியம்மன் கோயிலைச் சுற்றி வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தாய்லாந்துக் குடிமகன். என் மனைவி வடகிழக்கே ஈசான் பகுதியைச் சேர்ந்தவர். நானும் அவரும் அவருடைய தங்கையும் சுற்றுலா விசாவுக்கு ஒன்றாக விண்ணப்பித்தோம். விமானம், விடுதி, பயணத் திட்டம் எல்லாம் மூவருக்கும் பொதுவானவை. நீங்கள் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டையும் ஒரே நிறுவனத்தில்தான் எடுத்தோம். எங்கள் இருவருக்கும் விசா கிடைத்தது. தங்கைக்குக் கிடைக்கவில்லை.

அவருடைய கடவுச்சீட்டுடன் வந்த படிவத்தில் ஒரு கட்டத்தில் மட்டும் குறி இடப்பட்டிருந்தது. விசாக் காலம் முடிவதற்குள் அவர் திரும்பிவிடுவார் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது அதன் பொருள். அதன் கீழே குறிப்பு எழுத இடம் விட்டிருக்கிறீர்கள். அங்கே ஒரு சொல்கூட இல்லை.

நான் கேட்பது அந்த இடத்தைப் பற்றித்தான். சந்தேகம் எதனால் வந்தது என்பதை அங்கே எழுதுங்கள்.

அவர் என்ன கொடுத்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ஈசானில் உள்ள கோன் கேன் நகரச் சந்தை ஒன்றில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, விடுப்புக் கடிதம் எழுதித் தர முதலாளியும் கிடையாது. தாய்லாந்தில் வேலை செய்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்படி முறைசாராத் தொழிலில்தான் இருக்கிறார்கள். பாங்காக்கில் பணிபுரியும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. உங்கள் அலுவலக வாசலில் மதியச் சோறு விற்பவரும் அவர்களில் ஒருவராகத்தான் இருப்பார். கடைக்கு வருகிறவர்கள் இப்போது கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறார்கள். அதனால் அவருடைய வங்கிக் கணக்கு அறிக்கையில் 50 பாட், 60 பாட், 50 பாட் என்று பக்கம் பக்கமாக வரவு ஓடுகிறது. விடியற்காலையில் தொடங்கிப் பிற்பகலில் நிற்கும் அந்த வரவுகளைப் பார்த்தாலே, இந்தப் பெண் நாள்தோறும் கடை திறக்கிறார் என்பது விளங்கும். அதைவிட நேர்மையான வருமானச் சான்று எது என்று எனக்குத் தெரியவில்லை. திடீரென்று போடப்பட்ட பெருந்தொகை எதுவும் அதில் இல்லை.

வீட்டுப் பதிவேட்டை மொழிபெயர்த்து இணைத்தார். இளம் வயதில், எங்கள் ஊர் வழக்கப்படி, துறவி ஒருவரின் யோசனையைக் கேட்டுப் பெயரை மாற்றிக்கொண்டவர் அவர். அந்தப் பெயர் மாற்றச் சான்றிதழையும் மொழிபெயர்த்து இணைத்தார். வீட்டு நிலத்தின் பத்திரம் தாயின் பெயரில் இருக்கிறது, அதையும் இணைத்தார். முதுமையில் இருக்கும் அந்தத் தாயைக் கவனித்துக்கொள்பவர் அவர்தான். கைரேகை பதிவதற்காகக் கடையை மூடிவிட்டு, இரவு பஸ்ஸில் ஏறிப் பாங்காக் வந்தார். விசா மையத்தில் காகிதங்களை வரிசைப்படி அடுக்கச் சொன்னார்கள், கட்டணத்தை வாங்கிக்கொண்டார்கள், விரல்களைப் பதித்தார்கள். கடையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, தாயைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. முடிவெடுத்த அதிகாரி அவர் முகத்தையே பார்த்ததில்லை.

ஐயம் இருந்தால் விண்ணப்பதாரரை நேரில் அழைத்துக் கேட்கவும், கூடுதல் ஆவணம் கோரவும் உங்கள் விசாச் சட்டமே உங்களுக்கு அதிகாரம் தருகிறது. முடிவெடுக்க 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை அவகாசமும் தருகிறது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும், அவர் மறுநாளே பஸ் ஏறியிருப்பார்.

அக்காவுக்குக் கொடுத்தீர்கள், தங்கைக்குக் கொடுக்கவில்லை. இருவருக்கும் என்ன வேறுபாடு? அக்காவுக்குக் கணவன் இருக்கிறான், மாதச் சம்பளம் இருக்கிறது. தங்கை திருமணம் ஆகாதவர், சொந்தக் கடை நடத்துகிறார். காரணத்தை நீங்கள் எழுதாததால் நாங்களே ஊகிக்க வேண்டியிருக்கிறது, ஊகம் இங்கேதான் போய் நிற்கிறது. தனியாக வாழும் தாய்லாந்துப் பெண் ஐரோப்பாவுக்கு எதற்கு வருவாள் என்று உங்கள் மனதில் ஒரு முடிவு முன்பே இருக்கிறது என்று என் மைத்துனி நினைக்கிறார். அவர் அழவில்லை. அவமானப்பட்டார். அந்தப் படிவத்தைத் தாயிடம் காட்டவே இல்லை. அவர் நினைப்பது தவறு என்றால், அதை மறுக்கக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே. காரணத்தை எழுதுங்கள்.

சந்தேகப்பட உங்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. காலம் கடந்தும் தங்கிவிட்டவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் விசா மறுக்கப்பட்ட கூஷ்காக்கி என்பவரின் வழக்கில் 2013 டிசம்பர் 19 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னதை நினைவூட்ட விரும்புகிறேன். திரும்புவார் என்பது உறுதியாகத் தெரிய வேண்டியதில்லை, நியாயமான சந்தேகம் இல்லாமல் இருந்தாலே போதும் என்றது அந்தத் தீர்ப்பு. நாட்டின் பொதுநிலையோடு அந்த மனிதரின் தனிப்பட்ட நிலையையும் பார்த்தே அந்தச் சந்தேகத்தை எடைபோட வேண்டும் என்றும் சொன்னது. தனிப்பட்ட நிலையைப் பார்த்தவர்கள் அதைப் பற்றி ஒரு வரி எழுத முடியாதா?

இதே ஈசான் மண்ணிலிருந்து ஆண்டுதோறும் கோடையில் ஆயிரக்கணக்கானோர் ஃபின்லாந்து, ஸ்வீடன் காடுகளுக்குப் பெர்ரிப் பழம் பறிக்கப் போனார்கள். அவர்களும் நெல் விதைக்கிறவர்கள், சந்தையில் விற்கிறவர்கள். அவர்களிடமும் சம்பளச் சீட்டு இல்லை. ஃபின்லாந்துக்கு அவர்கள் பல ஆண்டுகள் ஷெங்கன் விசாவில்தான் போனார்கள். பழம் பறிக்கக் கைகள் தேவைப்பட்டபோது ஈசான் விவசாயி திரும்பிவிடுவார் என்று நம்ப முடிந்தது. அவர்களில் பலர் கடனோடு திரும்பினார்கள். அவர்கள் சுரண்டப்பட்ட கதை ஃபின்லாந்தில் ஆட்கடத்தல் வழக்குகள் வரை போனது. அதே ஊர்ப் பெண் தன் சொந்தக் காசில் உங்கள் தேவாலயங்களையும் ஓவியக் கூடங்களையும் பார்க்க வருகிறேன் என்றால், அப்போது மட்டும் நம்பிக்கை ஏன் போய்விடுகிறது?

உங்கள் நாட்டவர் இங்கே எப்படி வருகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கி, முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். 2024 ஜூலையில் எங்கள் அரசு 93 நாடுகளுக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்க அனுமதி அறிவித்தபோது நீங்களும் அதில் இருந்தீர்கள். எங்கள் அண்டை நாடுகளில் மலேசியர், சிங்கப்பூரர், புருணை நாட்டவர், 2015 முதல் திமோர் லெஸ்தே மக்கள்கூட விசா இல்லாமல் உங்களிடம் வருகிறார்கள். ஜப்பான் எங்களுக்கு 2013இலேயே சுற்றுலா விசாவை நீக்கிவிட்டது. எங்களுக்கும் அந்தச் சலுகை வேண்டும் என்று 2024இல் எங்கள் பிரதமராக இருந்த ஸ்ரெத்தா தவிசினே ஐரோப்பியத் தலைவர்களிடம் கேட்டும் பார்த்தார். அது அரசுகள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், உங்கள் மேசையில் முடிவாகாது என்பதை அறிவேன். உங்கள் மேசையில் முடியக்கூடியதை மட்டுமே கேட்கிறேன்.

மறுக்கப்பட்டாலும் 90 யூரோ கட்டணம் திரும்பி வராது, விசா மையத்தின் சேவைக் கட்டணமும் வராது. 90 யூரோ என்பது எழுபது கிண்ணம் நூடுல்ஸ் விற்ற காசு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மறுப்பு உங்கள் பொதுத் தரவுத்தளத்தில் ஐந்து ஆண்டுகள் இருக்கும். 29 நாடுகளின் அதிகாரிகளும் அதைப் பார்ப்பார்கள். பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பித்தால், இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா என்று அங்கும் கேட்பார்கள். ஏன் மறுத்தார்கள் என்று தொடர்ந்து கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? அவருக்கே தெரியாதே.

மேல்முறையீடு செய்யலாம் என்று படிவம் சொல்கிறது. காரணம் தெரியாத முடிவை எதிர்த்து என்ன வாதாடுவது? உங்களில் ஜெர்மனி, தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் முறையை 2025 ஜூலை 1 முதல் கைவிட்டுவிட்டது. இனி நீதிமன்றம்தான். கோன் கேனில் கடை நடத்துபவர் பெர்லினில் வழக்காட வேண்டுமா?

அன்புகூர்ந்து இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். திரும்பும் எண்ணத்தில் சந்தேகம் என்று குறி இடும்போதெல்லாம், எந்த ஆவணம் அல்லது எந்தத் தகவல் அந்தச் சந்தேகத்தைத் தந்தது என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். சம்பளச் சீட்டு இல்லாத சிறு வணிகர்களை மறுப்பதற்கு முன், தொலைபேசியிலாவது ஒரு முறை பேசுங்கள். தாய்லாந்து மொழி அறிந்த ஊழியர்கள் உங்களிடமே இருக்கிறார்கள்.

என் மைத்துனி மீண்டும் விண்ணப்பிப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நானும் மனைவியும் அவர் இல்லாமல் போக மனமில்லாமல் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டோம். எங்கள் கடவுச்சீட்டுகளில் உங்கள் விசா ஒட்டப்பட்டபடியே இருக்கிறது. அடுத்த முறை அவர் எதைக் கூடுதலாகக் கொண்டுவர வேண்டும் என்பதையாவது தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பணிவுடன்,
பாங்காக்கிலிருந்து ஒரு தாய்லாந்துக் குடிமகன்