எந்தக் காலத்து கேம் என்று முதலில் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கேம் ஓடவில்லை என்றால் ரைட் கிளிக் செய்து, கம்பாட்டிபிலிட்டி பகுதியில் விண்டோஸ் 95 என்று தேர்ந்தெடுத்தால் போதும். அப்படியும் ஓடாவிட்டால் அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குங்கள் என்று தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் குறிப்பு வந்திருந்தது. சில கேம்களுக்கு அது பலிக்கும். பலவற்றுக்குப் பலிக்காது.

அந்தத் தேர்வு செய்வதெல்லாம், 'நான்தான் விண்டோஸ் 95' என்று கேமிடம் ஒரு பொய் சொல்வது, கூடவே சில்லறை ஒட்டுவேலைகள். டாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பிருந்த, கட்டளை அடித்து இயக்கும் இயங்குதளம். டாஸ் கேம்களோ 16 பிட் உலகத்தைச் சேர்ந்தவை (பிட் என்பது கணினி ஒரே வீச்சில் கையாளும் எண்ணின் அளவு). 64 பிட் விண்டோஸில் அவற்றை ஓட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு இருந்ததால் அதில் சில தப்பிப் பிழைத்தன. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. இங்கே எந்தப் பொய்யும் எடுபடாது.

டாஸ் கேம் என்றால் டாஸ்பாக்ஸ்தான் வழி. இலவச மென்பொருள், பழைய கணினி ஒன்றையே உள்ளுக்குள் போலியாக உருவாக்கிக் காட்டும். கேம் பைல்களை சி டிரைவில் தனி போல்டரில் வையுங்கள். பெயர் எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல், ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். தமிழில் பெயர் வைத்தால் அந்தக் காலத்து நிரலுக்குப் படிக்கத் தெரியாது. டாஸ்பாக்ஸைத் திறந்து ஆங்கிலத்தில் 'மவுண்ட்' (mount) என்று அடித்து, இடைவெளி விட்டு 'சி' (c), மறுபடி இடைவெளி விட்டு போல்டரின் முழு முகவரி. பிறகு 'சி' எழுத்தும் முக்காற்புள்ளியும் அடித்து என்டர். முழு சி டிரைவையே மவுண்ட் செய்யாதீர்கள். உள்ளே ஓடும் நிரல் எதை வேண்டுமானாலும் அழித்துவிட முடியும்.

கேமைத் தொடங்கும் முன் அதன் செட்டப் நிரலை ஓட்டி ஒலியைச் சரிசெய்ய வேண்டும். சவுண்ட் பிளாஸ்டர் (அக்காலத்து ஒலி அட்டை), போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. அந்த அட்டையை கேம் தொடர்புகொள்ளும் வழிகளுக்கான இவை டாஸ்பாக்ஸின் இயல்பு எண்கள். பல கேம்கள் ஐஆர்க்யூ 5 என்று தாமாகவே வைத்துக்கொள்ளும். அதை அப்படியே விட்டால் சத்தமே வராது, அல்லது முதல் சத்தத்தோடு கேம் உறைந்து நிற்கும்.

அடுத்தது வேகம். அக்காலத்து நிரல்கள் பல, ப்ராசஸர் எவ்வளவு விரைவாகச் சுழல்கிறதோ அவ்வளவு விரைவாக ஓடின. டாஸ்பாக்ஸில் இதற்கு 'சைக்கிள்ஸ்' என்ற அளவு உண்டு. 80களின் கேம்களுக்கு இயல்பான 3000 பெரும்பாலும் போதும். 66 மெகாஹெர்ட்ஸ் 486 கணினியின் வேகம் வேண்டுமென்றால் சுமார் 25,000. கன்ட்ரோலுடன் எஃப்12 ஏற்றும், எஃப்11 இறக்கும். கேம் திணறுகிறதே என்று ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. உங்கள் கணினியின் சக்தியைத் தாண்டிவிட்டால் ஒலி வெட்டி வெட்டி வரும். மேலும் ஏற்றினால் மேலும் திணறும். டர்போ பாஸ்கல் என்ற பழைய நிரலாக்கக் கருவியில் எழுதிய சில கேம்கள் திறந்ததுமே 'ரன்டைம் எரர் 200' என்று விழும். பூஜ்யத்தால் வகுத்ததாகச் செய்தி சொல்லும், ஆனால் அங்கே பூஜ்யமே இல்லை. தொடக்கத்தில் கணினியின் வேகத்தை அளக்கும்போது விடை 16 பிட்டில் அடங்காமல் போகிறது, அவ்வளவுதான். சைக்கிள்ஸைக் குறைத்தால் தீர்ந்தது.

படம் குட்டையாகத் தெரிந்தால் டாஸ்பாக்ஸில் 'ஆஸ்பெக்ட்' என்ற அமைப்பை 'ட்ரூ' ஆக்குங்கள். 320க்கு 200 புள்ளிகள் கொண்ட படம் அன்றைய 4:3 திரையில் உயரவாக்கில் இழுக்கப்பட்டே தெரிந்தது. வரைந்தவர்களும் அதைக் கணக்கில் வைத்துத்தான் வரைந்தார்கள்.

உண்மையான தலைவலி 1995க்கும் 2005க்கும் இடைப்பட்ட விண்டோஸ் கேம்கள். கேம் 32 பிட். ஆனால் சிலவற்றில் சிடியில் உள்ள செட்டப் நிரல் 16 பிட்டாக இருக்கும். 'இந்த ஆப் உங்கள் கணினியில் இயங்காது' என்று வந்ததும் கேமே செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். வைன்விடிஎம் (winevdm) என்ற இலவசக் கருவி அந்த 16 பிட் செட்டப்பை 64 பிட் விண்டோஸில் ஓட்டித் தரும்.

நிறுவியபின் தண்ணீர் ஊதாவாகவும் முகம் பச்சையாகவும் தெரிந்தால், அது 256 நிறங்களை மட்டும் வைத்துப் படம் காட்டும் பழைய முறையின் கோளாறு. பழைய கிராபிக்ஸ் கட்டளைகளை இன்றைய கணினிக்கு மாற்றித் தரும் டிஜிவூடூ 2 (dgVoodoo 2) என்ற கருவியை இறக்கி, அதன் எம்எஸ் போல்டருக்குள் எக்ஸ்86 என்ற உள்போல்டரில் இருக்கும் டிஎல்எல் பைல்களை, கேமின் எக்ஸி பைல் இருக்கும் இடத்திலேயே போடுங்கள். விண்டோஸ் 64 பிட்தானே என்று எக்ஸ்64 பைல்களை எடுப்பவர்கள்தான் அதிகம். ஓட்டுவது 32 பிட் கேம் என்பதால் அவை வேலை செய்யாது. பலர் சேர்ந்து ஆடும் கேம் 'டைரக்ட்பிளே' என்ற பழைய விண்டோஸ் இணைப்புப் பகுதியைக் கேட்டால், விண்டோஸ் பீச்சர்ஸ் பட்டியலில் லெகசி காம்போனென்ட்ஸ் என்பதன் கீழ் அதை இயக்கிக்கொள்ளலாம்.

சிடியை நகலெடுத்த ஐஎஸ்ஓ பைலில் இசை வராமல் போவதும் வழக்கம். பல கேம்களில் இசை தனி ஆடியோ டிராக்குகளாக இருக்கும். ஐஎஸ்ஓ வகை அவற்றை எடுத்துவைக்காது. 'பின்' (bin), 'க்யூ' (cue) என்ற இரட்டை பைல்களாக நகலெடுக்க வேண்டும்.

சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு உள்ள அசல் சிடிகளுக்கு மட்டும் நேர்வழி இல்லை. அதற்கான டிரைவர் விண்டோஸ் 10லிருந்தே கிடையாது. விண்டோஸ் 7, 8 பதிப்புகளிலும் 2015 செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட் அதை முடக்கிவிட்டது. சிஸ்டத்தின் அடிமட்டம் வரை கைநீட்டும் ஓட்டை அதில் இருந்ததே காரணம். அதை எங்கிருந்தோ இறக்கித் திரும்ப நுழைப்பது வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதுபோல். தடுப்பு நீக்கி மறுவெளியீடு செய்யப்பட்ட பதிப்பு விற்பனையில் இருந்தால் அதை வாங்குவதே மேல்.

அட்மினிஸ்ட்ரேட்டர் யோசனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் தேவைப்படுவது, கேம் தன் சேமிப்பை 'புரோகிராம் பைல்ஸ்' போல்டருக்குள்ளேயே எழுதப் பார்ப்பதால்தான். விண்டோஸ் விஸ்டா முதல் அங்கே எழுத அனுமதி இல்லை. நிறுவும்போதே சி டிரைவில் வேறு போல்டரைக் காட்டிவிட்டால் அந்த அதிகாரம் தேவையே படாது. கண்ட இடத்தில் இறக்கிய எக்ஸி பைலுக்கு முழு அதிகாரம் கொடுக்கச் சொல்லும் அந்த வரியையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்