அம்மம்மா ஏன் சொல்லவில்லை என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

கனடாவில் செம்மஞ்சள் சட்டை நாளான செப்டெம்பர் 30ஆம் திகதி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்தில் நின்ற படத்தை அனுப்பி, கீழே ஒரு கேள்வியும் எழுதியிருந்தாய்: "பெரியம்மா, எங்கட ஆக்களும் ஆதிவாசிகள்தானே? அம்மம்மா ஏன் ஒருநாளும் சொல்லல்ல?" வாட்ஸ்அப்பில் நாலு வரியில் முடிகிற கதையில்லை இது. உன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எல்லோரும் படிக்க எழுதுகிறேன். மட்டக்களப்பின் வாகரைப் பக்கம் பனிச்சங்கேணியிலிருந்து கதிரவெளி வரைக்கும் இதே கேள்வியை விழுங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய உண்டு.

ஓம், நாங்கள் வேடர். கரையோர வேடர் என்று எழுதுவார்கள். தமிழ் பேசுகிறோம், கடலுக்குப் போகிறோம், சேனை செய்கிறோம், தேன் எடுக்கிறோம், குமார தெய்வத்துக்குச் சடங்கு வைக்கிறோம். தமிழ் பேசுவதால் நாங்கள் வேடர் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே.

நீ போட்ட சட்டையின் கதை எனக்குத் தெரியும். 1973இல் ஆறு வயதுப் பிள்ளையாக இருந்த பிலிஸ் வெப்ஸ்டாட்டுக்கு அம்மம்மா வாங்கிக்கொடுத்த புதுச் செம்மஞ்சள் சட்டையை, பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து மொழியையும் பழக்கத்தையும் மறக்கடிக்க நடத்திய விடுதிப் பள்ளியில் முதல்நாளே கழற்றி எடுத்துவிட்டார்கள். கனடாவில் 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் அந்தப் பள்ளிகளுக்குள் போனார்கள். எங்களுக்கு அப்படி நடக்கவில்லை மகள். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதே, அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். இங்கே எடுத்தது காட்டை.

எப்படி எடுத்தார்கள் என்று விளங்கிக்கொள். 1840இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். காடு, தரிசு, ஆளில்லாமலும் பயிரில்லாமலும் கிடக்கும் காணி எல்லாம் முடிக்குரியது. முடிக்குரியதில்லை என்றால் அதை நீதான் நிரூபிக்க வேண்டும். சேனை எப்படி நடக்கும்? பற்றையை வெட்டி எரித்து, குரக்கனோ சோளனோ ஓரிரு போகம் போட்டுவிட்டு, மண் ஆறட்டும் என்று பல வருடம் விட்டுவிடுவோம். அந்த ஆறுகிற காலத்தில் வந்து பார்த்தால் அது 'கிடக்கும் காணி'. காணி உறுதிப் பத்திரம் எங்கே என்று கேட்டால், தலைமுறை தலைமுறையாக வெட்டிய மரத்தையும் கும்பிட்ட இடத்தையும் காட்டத்தான் ஏலும். எழுத்து எங்கே இருந்தது? ஒரு கோட்டைகூடக் கட்டாமல், ஒரு தோட்டாவும் செலவில்லாமல், தன் காட்டிலேயே ஒருத்தனைக் கள்ளனாக்கிவிட்ட சட்டம் அது.

தோட்டா செலவானதும் உண்டு. 1817, 1818இல் வெள்ளைக்காரனுக்கு எதிராக எழுந்த ஊவா வெல்லசக் கிளர்ச்சியில் வேடரும் இருந்தார்கள். அதை அடக்க ஆளுநர் பிரவுன்றிக்கின் படை வீடுகளையும் விளைச்சலையும் எரித்தது. இன்றைய அம்பாறை மாவட்டத்துக்கு மேற்கே ஒட்டிக் கிடக்கிற நிலம் அது. பிறகு எங்கள் ஆட்களின் எலும்பைக்கூட விடவில்லை. மண்டையோடுகளை ஐரோப்பாவுக்கு எடுத்துப்போய் அளந்து அலுமாரியில் வைத்தார்கள். எடின்பரோ பல்கலைக்கழகம் 2019 நவம்பரில்தான் ஒன்பது மண்டையோடுகளை வேடர் தலைவர் ஊருவரிகே வன்னிலா எத்தோவின் கையில் கொடுத்தது. செத்தவரை வழியனுப்ப விடாமல் இத்தனை காலம் வைத்திருந்ததை நினைத்தால் எனக்கு இப்பவும் நெஞ்சு எரிகிறது.

வெள்ளைக்காரன் போனபின்னும் சட்டத்தின் புத்தி போகவில்லை. கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் வந்தது, சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்துக்குக் கீழே காடு போனது. 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்காவானது; பரம்பரையாக வேட்டையாடிய இடத்தில் வேட்டை குற்றமானது.

சரி, அம்மம்மாவுக்கு வருவோம். லகோட்டா இனத்தைச் சேர்ந்த மரியா யெல்லோ ஹோர்ஸ் பிரேவ் ஹார்ட் என்ற அறிஞர், அழ விடாமல் தடுத்த துக்கம் அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது என்று எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் அது இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காகிதக் கட்டோடு காற்சட்டை போட்ட ஆள் யார் படலைக்கு வந்தாலும் என் அம்மா, அதுதான் உன் அம்மம்மா, தேன் போத்தல்களைக் குசினிக்குள் தள்ளிவிட்டு, பின்பக்கத்தால் இறங்கிப் போய்விடுவா. எங்கள் தேன், நாங்கள் எடுத்த தேன். ஒருநாள் தப்ப முடியாமல் அகப்பட்டு, கேட்காத கேள்விக்கு "நாங்க தமிழாக்கள்தான் ஐயா" என்று சொன்னா. அவர் போனதும் என் கையைப் பிடித்து, "மனே, வேடர் கதையெல்லாம் வெளியில கதைக்காத" என்றா. கை நடுங்கியது.

பயம் அவ்வளவும் அரசாங்கத்தால் வந்ததென்று சொன்னால் அது பொய். வகுப்பில் "வேடப் பொட்டை" என்று என் பின்னால் கத்தியவர்கள் தமிழ்ப் பிள்ளைகள். பக்கத்து ஊரில் சம்பந்தம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு விசாரித்தவர்களும் எங்கள் சனம்தான். ஆண்ட சாதியின் அளவுகோலை வாங்கி எங்களை அளந்தவர்கள். அம்மா அதை ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை.

அதற்கு மேலே 2004 கடல். அதற்கு மேலே 2006 முடிவில் போரில் வாகரை விட்டு ஓடிய ஓட்டம். வீட்டில் இருந்த காகிதம், நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கூரை வளையில் சொருகியிருந்த சீலைச் சுருளை மட்டும் அம்மா எடுத்துக்கொண்டா. உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு அம்புத்தலை, பிடிப்பக்கம் துருவேறி, நுனி மட்டும் எண்ணெய் பூசி மினுங்கியபடி. சடங்கில் வைப்பது. சோதனைச் சாவடியில் பிடிபட்டால் என்னாகும் என்று தெரிந்துதான் மடிக்குள் செருகினா. ஒருத்தருக்கும் சொல்லாதே என்ற அதே மனுசி! மறைத்தாவே தவிர, விடவில்லை. இதை உன் அம்மாகூட அறியமாட்டா.

உன் நாட்டில் சாண்ட்லர், லலொண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிட்டத்தட்ட 200 பூர்வகுடிச் சமூகங்களைப் பார்த்து 1998இல் எழுதியதைத் தேடிப் படி. இளைஞர் தற்கொலை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லை. அவர்கள் பார்த்த ஐந்து வருடத்தில் பாதிக்கும் மேற்பட்ட சமூகங்களில் ஒன்றுகூட இல்லை. காணி உரிமைக்கு வழக்காடிய, பள்ளிக்கூடத்தையும் வைத்தியத்தையும் தாங்களே நடத்திய, தங்கள் சடங்குக்கென்று இடம் வைத்திருந்த சமூகங்களில் பிள்ளைகள் தப்பியிருந்தார்கள். இங்கே சுனாமிக்குப் பிறகு உள ஆலோசனை சொல்ல நிறையப் பேர் வந்தார்கள், நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஒருவரும் சேனைக் காணியைப் பற்றிக் கேட்கவில்லை.

கோடை விடுமுறைக்கு வா, சடங்குக் காலம். சின்னம்மம்மாவுக்குத்தான் இப்போது பாட்டெல்லாம் தெரியும். காது கொஞ்சம் மந்தம், உரத்துக் கதைக்க வேண்டும். போனில் பதிவு செய்வதென்றால் முதலில் அவவிடம் கேள். சிலதைச் சடங்குக்கு வெளியே பாடமாட்டா, வற்புறுத்தாதே. அம்மாவையும் கூட்டி வா. அவ வரமாட்டேன் என்றால் நான் கதைக்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா