நாகர்கோவில் வானொலியின் பழைய ஒலிநாடாக்கள்: பிரசார் பாரதிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரசார் பாரதி வாரியத்தினருக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்து நேயன் ஒருவன் எழுதுகிறேன்.

1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவில் நிலையம் தொடங்கியபோது, இன்று உங்கள் பொறுப்பில் உள்ள அகில இந்திய வானொலிக்கு நாட்டிலேயே அதுதான் முதல் உள்ளூர் நிலையம். மறுநாள் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். பிறந்ததும் பிறக்காததுமாக அப்படியொரு நாள்!

முதல் நிலையத்துக்கு எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்ததில் தில்லியின் கணக்கு என்னவோ, எங்களுக்கு அது தேவைப்பட்டது. 1956 வரை நாங்கள் திருவிதாங்கூர்ப் பக்கம். திருவனந்தபுரம் வானொலி மலையாளம் பேசியது. 1963-இல் திருநெல்வேலி நிலையம் வந்தது. தமிழ் கிடைத்தது, ஆனால் மழை வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப்பக்கம் ஜூலையில் வயல் காய்ந்து கிடக்கும். இந்தப்பக்கம் கன்னிப்பூ நெல் பச்சையாக நிற்கும். எங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் உண்டு. அங்கே உள்ள விவசாயிக்குச் சொல்லும் யோசனை இங்கே பாதி உதவாது. கச்சான் என்னும் மேல்காற்றைப் பார்த்து வள்ளம் இறக்கும் கடற்கரைக்காரர்களின் கணக்கு இன்னும் தனி.

என் சித்தி ஒருமுறை அந்த வானொலியில் உள்ளித்தீயல் குழம்பு வைப்பது எப்படி என்று சொன்னாள். ஒலிபரப்பாகும் நேரத்தில் தெருவே எங்கள் திண்ணையில் கூடிவிட்டது. சித்தி மட்டும் வெட்கப்பட்டு அடுக்களையை விட்டு வரவில்லை. 'தேங்காய கருக விடப்படாது, செவக்க வறுக்கணும், கேட்டியளா' என்று பெட்டிக்குள் இருந்து அவள் குரல் வந்தது. அடுத்த வீட்டு மாமி, 'மல்லிய சொல்ல மறந்துட்டா பாரு' என்றார். அந்தச் சண்டை ஒரு வாரம் ஓடியது. அதை விடுங்கள். செய்தி வாசிப்பவரின் தமிழையே வானொலித் தமிழ் என்று நம்பியிருந்த எங்களுக்கு, எங்கள் பேச்சே பெட்டிக்குள்ளிருந்து வந்ததுதான் பெரிய அதிசயம்.

சித்தி இப்போது இல்லை. வீட்டில் டேப்ரெக்கார்டரும் இருந்ததில்லை. அவள் குரல் எங்காவது இருக்குமென்றால் அந்த நிலையத்தின் நாடாவில்தான் இருக்க வேண்டும்.

இருக்குமா என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்தில் நாடா விலை அதிகம். ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதே ஸ்பூலில் அடுத்ததைப் பதிவது வானொலி நிலையங்களில் வழக்கம் என்று எனக்கும் தெரியும். அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. பெரிய வித்வான்களின் கச்சேரிகளைத் தேடியெடுத்து, டிஜிட்டலாக்கி நீங்கள் வெளியிடுவதை நானே விரும்பிக் கேட்கிறேன். ஆனால் வித்வான்களுக்கு வேறு பதிவுகளும் உண்டு. வில்லுப்பாட்டுக்காரருக்கும், கோலடித்து ஆடும் களியலின் ஆசானுக்கும், காற்றின் பெயர்களை வரிசையாகச் சொன்ன மீனவருக்கும் உள்ளூர் நிலையத்தை விட்டால் யார் மைக் நீட்டினார்கள்?

நான் கேட்பது பெரிய செலவில்லை. நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் உள்ள நிலையத்தில் 1984 முதல் இன்றுவரை மிஞ்சியிருக்கும் நாடாக்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். தேதி, பேசியவர், ஊர், பொருள் இருந்தால் போதும். பூஞ்சை பிடித்தவற்றை முதலில் டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். அப்புறம், மாற்றியவற்றை வாரத்துக்கு அரைமணி நேரம் அதே நிலையத்தின் குமரி பண்பலையிலேயே போடுங்கள்.

பல நாடாக்களில் பெயர்ச்சீட்டு உதிர்ந்திருக்கும். பேசுவது யார், எந்த ஊர்ப் பேச்சு என்று கேட்டதுமே சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம், ஒரு நாற்காலியும் ஹெட்ஃபோனும் கொடுத்தால் வந்து உட்காருவார்கள். அவர்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆகவே கொஞ்சம் சீக்கிரம்.

இப்படிக்கு,
நாகர்கோவில் நேயன்